கேம் பைத்தியம்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நீங்கள் நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

எழுவான்கரை

அக்காவின் மகன், போனில் சுட்டு விளையாடும் பப்ஜி கேம். எந்த அளவுக்கு என்று விளக்கத் தேவையில்லை, இப்போது எல்லார் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான். சாதாரண தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நேரம். இரவு முழுக்க விளையாட்டு, பகல் முழுக்கத் தூக்கம்.

நான் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, விடியப்புறம் கதவைத் திறக்கிறேன். லைட் இல்லை. மருமகனின் அறைக்குள் இருந்து அடித்தொண்டையில் குரல் வருகிறது: "வீட்டுக்குள்ள வாறானுகள்டா. படு, படு. அசையாத. கிட்ட வரட்டும்."

ஹோலில் அவனுடைய அம்மம்மாவின் கட்டில் வெறுமை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சீமெந்துத் தரையில் குப்புறக் கிடக்கிறார். இரண்டு கையும் காதில். நான் கிட்டப் போனதும் தலையைத் தூக்காமலே சொன்னார்: "நாங்க ஒண்டும் செய்யல்ல மாத்தயா."

1990இல், யுத்த நேரம், ஆமிக்குப் பயந்து பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்குப் போனவர் அவர். என்னை யார் என்று நினைத்தார் என்பது எனக்கு விளங்கியது. தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு அறைக்குப் போனால், அவன் காதில் ஹெட்செட். என்னைக் கண்டு ஒரு விரலைத் தூக்கினான். "மாமா, ஒரு நிமிசம். கடைசி சோன், கேம் முடியப் போகுது."

அம்மம்மா இதை யாரிடமும் சொல்லவில்லை. எத்தனை இரவு அப்படிக் கீழே கிடந்தாரோ தெரியாது. அதுதான் எனக்கு இன்னும் மனதை அரிக்கிறது.

சந்தையடிக் கடை, அக்கரைப்பற்று

நான் கடையில் போன் ரீலோட், போட்டோகொப்பி எல்லாம் வைத்திருக்கிறேன். ஃப்ரீ ஃபயர் கேமுக்குள் செலவழிக்கும் டயமண்ட் வாங்க வரும் பிள்ளைகளை முகம் பார்த்தாலே தெரியும். கேம் ஐடி இலக்கத்தைப் பார்க்காமல் ஒப்புவிப்பார்கள். வீட்டு போன் நம்பர் கேட்டால் யோசிப்பார்கள்.

ஒரு நாள் ஒரு சின்னவன் ஐநூறு ரூபாய்த் தாள்கள் கொஞ்சம் நீட்டினான். ஈரம், மீன் வாடை. "வாப்பாக்குத் தெரியுமா மகன்?" என்றேன். "ஓம், அவருதான் தந்த." நான் போனை எடுக்க, அவனுடைய வாப்பாவே கடைக்குள் வருகிறார். இவன் சோடா ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டான். மனிசன் என்னிடம் மெதுவாகக் கேட்கிறார்: "நூறு ரூபாக்கு ஒரு ரீலோட் போடுங்க தம்பி, காச நாளைக்குத் தாறன். இண்டைக்குக் கணக்கு ஒண்டும் சரிவரல்ல."

நான் ரீலோட்டைப் போட்டேன். அவர் போனதும் பொடியனின் காசை அவன் கையிலேயே வைத்து மடக்கிக் கொடுத்தேன். அவன் அழவில்லை, ஓடவும் இல்லை. வாப்பா போன பக்கம் பார்த்துக்கொண்டே நின்றான். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

கல்முனைப் பொடியன்

முதலாவதாக எழுதினவருக்கு: அம்மம்மாவின் கதை வாசித்து நெஞ்சு கனத்தது, உண்மை. ஆனால் அது கேம் செய்த வேலை இல்லை, 90 செய்த வேலை. பக்கத்து வீட்டில் பட்டாசு வெடித்தாலும் அவர் கீழேதான் படுப்பார். பேரனின் வாயைக் கட்டினால் அந்தப் பயம் போய்விடாது.

எங்கட வீட்டில் கேம் இல்லாவிட்டால் எனக்குக் காக்கா, என் மூத்த சகோதரர், இல்லை. அவர் கத்தாரில். வீடியோ கோலில் உம்மா முன்னால் இருந்தால் "சுகம்தான், சாப்பிட்டன், வெயில்" என்பதோடு சரி. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, நாங்கள் இரண்டு பேரும் பப்ஜியில் டுவோ போவோம். ஒரு தடவை கேமில் அவர் சுடுபட்டு நாக் ஆகிக் கிடக்கிறார், நான் ரிவைவ் பண்ணி எழுப்பிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சில செக்கன்களுக்குள் சொல்கிறார்: "தம்பி, சம்பளம் வந்து ரெண்டு மாசம். வாப்பாட்ட சொல்லிராத. கலியாணப் பேச்சக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லு."

நேருக்கு நேர் முகம் பார்த்துச் சொல்ல முடியாததை ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எழும்பி ஓடினோம், அந்த மெச் தோல்விதான். அதற்குப் பிறகு யாராவது "கேம் உறவைக் கெடுக்கும்" என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை.

ரீச்சர், களுவாஞ்சிகுடி

என் கதை சின்னது. வகுப்பில் கடைசி வாங்கில் ஒரு மாணவன் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறான். இரண்டு பெருவிரலும் மட்டும் அசைந்துகொண்டே இருக்கின்றன. இடது விரல் வட்டமாக, வலது விரல் தட்டுத் தட்டாக. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெற்றோர் இங்கே வாசிப்பதால் சிலதைச் சொல்லியே ஆக வேண்டும். எத்தனை மணித்தியாலம் விளையாடுகிறான் என்று மட்டும் எண்ணாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் இதை ஒரு நோயாகச் சேர்த்திருக்கிறது. அதற்கு அவர்கள் பார்ப்பது மூன்று: நிறுத்த நினைத்தாலும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டு முன்னுக்கு வருவது, கெடுதி தெரிந்தும் தொடர்வது. அதுவும் படிப்பையோ குடும்பத்தையோ வேலையையோ கடுமையாகப் பாதித்து, பெரும்பாலும் 12 மாதம் நீடித்திருக்க வேண்டும். ஆகவே லீவில் விடிய விடிய விளையாடும் பிள்ளை எல்லாம் நோயாளி இல்லை. பயப்படுத்தாதீர்கள்.

இரண்டாவது, நடுவில் ரவுட்டரைப் பிடுங்காதீர்கள். இந்த விளையாட்டுகளை இடையில் நிறுத்தி வைக்க முடியாது. ஃப்ரீ ஃபயர் ஒரு மெச் பத்து நிமிடம் அளவில் முடியும், பப்ஜி அரை மணித்தியாலம் வரை போகும். அவனோடு இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், நடுவில் போனால் அவர்களை விட்டுவிட்டு ஓடியவன் ஆகிறான். "எட்டு மணிக்கு வை" என்பதை விட "இந்த மெச்சோடு வை" என்று சொல்லிப் பாருங்கள், சண்டை பாதியாகக் குறையும். மூன்றாவது, இரவு டேட்டா. நள்ளிரவுக்குப் பிறகு தனியாகக் கிடைக்கும் அந்த டேட்டாவை முடிக்கத்தான் பல பிள்ளைகள் முழித்திருக்கிறார்கள். பகலுக்கான பேக்கேஜை மட்டும் எடுங்கள். நான்காவது, டயமண்ட், பப்ஜிக்குள் செலவழிக்கும் யூசி. கேமுக்குள் வாங்கும் பெட்டியைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாமல் காசு கட்டுவது சூதாட்டத்தின் வேலைதான். பெல்ஜியத்தில் 2018இலேயே அதைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். பிள்ளை சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் அடிக்க வேண்டாம், போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போனில் கதைக்க 1926 என்ற மனநல உதவி இலக்கம் இருக்கிறது. அப்புறம், பின்னேரத்தில் மைதானத்துக்கு அனுப்புங்கள், நாலு பேரோடு பழகட்டும்.

மட்டு நிலா

ரீச்சர் சொன்னதில் கடைசி வரிக்கு மட்டும் பதில். மைதானத்துக்கு யாரை அனுப்பச் சொல்கிறீர்கள்? பள்ளிக்கூடம் விட்டால் டியூசன், டியூசன் விட்டால் இருட்டு. என் தம்பியாவது சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லடி பீச்சுக்குப் போவான். நான் பெண் பிள்ளை, ஆறு மணிக்குப் பிறகு கேற்றடிக்குப் போனாலே அம்மா கூப்பிடுவா. எனக்குத் தெரு, மைதானம், திண்ணை எல்லாம் கேமில் நாலு பேர் சேரும் அந்த ஸ்குவாட்தான். கொரோனா நேரத்தில் ஒன்லைன் வகுப்புக்கு வாங்கிய போன், அதில் தொடங்கியது.

மைக் போட மாட்டேன். பெண் குரல் கேட்டால் என்ன நடக்கும் என்று விளையாடுகிற பெண்களுக்குத் தெரியும். நம்பர் கேட்பான், இல்லாவிட்டால் ஏசுவான். எழுதித்தான் கதைப்பேன். ஆனால் ஒரு ஸ்குவாட் நன்றாக அமைந்தது. மூன்று பேரும் மரியாதை, நான் செத்தால் லூட்டை விட்டுவிட்டு வந்து தூக்குவார்கள். அந்தத் தைரியத்தில்தான் மைக்கைப் போட்டேன்.

ஆடி மாதம், எங்கள் கோயிலில் திருவிழா, ஸ்பீக்கரில் பாட்டு. என் ஜன்னலால் பாட்டு வருகிறது. ஹெட்செட்டுக்குள்ளும் அதே பாட்டு, ஒரு கணம் பிந்தி. முதலில் என் மைக்கில் இருந்துதான் திரும்பி வருகிறது என்று நினைத்து அணைத்தேன். பாட்டு நிற்கவில்லை. அவர்களில் ஒருவனின் மைக்கில் இருந்து வருகிறது. பாட்டு முடிய, கோயிலடியில் சைக்கிள் மறித்து நிற்கிறது, யாருடையது என்று அறிவிப்பு. அதுவும் இரண்டு தடவை கேட்டது.

அவனும் அதைக் கவனித்திருக்க வேண்டும். "நீங்க..." என்று தொடங்கினான். நான் மெச்சின் நடுவிலேயே வெளியேறி, அந்த ஐடியையே அழித்துவிட்டேன். அவன் நல்லவனாகவும் இருந்திருக்கலாம். என்னோடு அவ்வளவு நாள் நன்றாகக் கதைத்தவன், நாலு வீடு தள்ளி இருக்கிறான், தெரிந்ததும் எனக்கு வந்தது பயம்தான். விளையாட்டையும் சமூகத்தையும் சமப்படுத்துங்கள் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். இந்த ஊரில் ஒரு பெண் பிள்ளைக்கு அந்தத் தராசின் மற்றத் தட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

ரீச்சர், களுவாஞ்சிகுடி

நிலா, நான் எழுதும்போது ஆண் பிள்ளைகள்தான் மனதில் இருந்தார்கள். நீங்கள் சொல்வது சரி. எங்கள் பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து இருக்கிறது, அதுவும் போட்டி வந்தால் மட்டும்தான். அடுத்த கூட்டத்தில் இதைக் கதைக்கிறேன். ஆனால் கடைக்காரத் தம்பிக்கு ஒன்று: சின்னப் பிள்ளைகளுக்கு டயமண்ட் விற்பதையே நீங்கள் எல்லாரும் நிறுத்தலாம்தானே?

சந்தையடிக் கடை, அக்கரைப்பற்று

நான் நிறுத்தினால் அடுத்த கடையில் வாங்குவான் ரீச்சர். அங்கேயும் இல்லாவிட்டால் கூட்டாளியின் காக்காவைப் பிடித்து கார்டில் போடுவான். ஆனாலும் யூனிபோர்மில் வந்தால் இப்போது நான் வீட்டுக்குக் கோல் எடுத்துக் கேட்காமல் போடுவதில்லை. சந்தையில் இன்னும் இரண்டு கடைக்காரர்களோடு கதைத்தேன். ஒருவர் சரி என்றார். மற்றவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு திரும்பப் போய்க் கேட்பேன்.