புதுப்பிப்பு: வெள்ளிக் கிளைகள் சிக்னல் தரத் தொடங்கிவிட்டன

தாமிரத் தகட்டில் வளர்த்த வெள்ளி டெண்ட்ரைட்டுகளில் (கிளைவிட்டு வளரும் நுண்படிகங்கள்) ரோடமின் 6ஜி சாயத்தைச் சொட்டினால் ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி சிதறுவதை வைத்து மூலக்கூறை அடையாளம் காட்டும் அளவீடு) எதுவும் தெரியவில்லை, ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

சில்வர் நைட்ரேட் கரைசலில் தகட்டை ஒரு மணி நேரம் ஊறவிட்டதுதான் முதல் தவறு. தாமிரம் கரைந்து எலக்ட்ரானை விட, வெள்ளி அயனி அதை வாங்கிப் படிகிறது. மிதந்து வரும் அயனிக்கு முதலில் எதிர்ப்படுவது நீட்டிக்கொண்டிருக்கும் நுனி. அங்கேயே ஒட்டுவதால் பெரணி இலைபோலக் கிளை விரிகிறது. (இயற்பியலாளர்கள் விட்டன், சாண்டர் இருவரும் 1981இல் கணினியில் காட்டிய வளர்ச்சி இதேதான். எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.) ஆனால் நேரம் கூடினால் கிளைகள் தடித்து, அவற்றுக்கு இடையே சில நானோமீட்டர் அகலமே உள்ள இடுக்குகள் அடைபட்டுப்போகும். சிக்னலைப் பெருக்குவதே அந்த இடுக்குகள்தான்.

இரண்டாவது, குழாய்த் தண்ணீரில் கழுவியது. அதிலுள்ள குளோரைடு, மிச்சமிருந்த வெள்ளி அயனியோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகப் படிந்துவிட்டது. வெண்மையாகக் கலங்கியபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இப்போது தகட்டைத் தேய்த்து, நீர்த்த அமிலத்தில் ஆக்சைடு போக்கி, சில நிமிடங்களிலேயே எடுத்து, வாலைவடிநீரில் மட்டும் கழுவுகிறேன். 612, 1363, 1510 செ.மீ⁻¹ அலையெண் அருகே சாயத்தின் உச்சங்கள் தெளிவாக வருகின்றன!

இடத்துக்கு இடம் சிக்னல் மாறுவது மட்டும் தீரவில்லை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கறுக்க வைப்பதால், வளர்த்த அன்றே அளந்துவிடுகிறேன். அடுத்து, சாயத்துக்குப் பதிலாகத் தைரம் என்ற பூஞ்சைக்கொல்லியை அளந்து பார்க்கப்போகிறேன். அதன் கந்தகம் வெள்ளியை இறுகப் பற்றும்.