டில்லோ பிரவுசரில் தமிழ் எழுத்து கலைகிறது, ஃபாண்ட் மாற்றினால் சரியாகுமா?

கானாடுகாத்தான்:
வணக்கம். வீட்டில் பழைய நெட்புக் ஒன்று கிடக்கிறது. ஆட்டம் பிராசஸர், 1 ஜிபி ரேம். டெபியன் 12 லினக்ஸ் ஏற்றி, எல்எக்ஸ்டிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். ஃபயர்ஃபாக்ஸைத் திறக்கச் சொல்லிவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். எங்கள் செட்டிநாட்டு வீடுகளின் கனத்த சுவர் தெரியும்தானே? முகப்பில் ஃபோனை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டால், வளவை (நடு முற்றத்தை) தாண்டி இரண்டாம் கட்டுக்கு நெட் வந்து சேர்வதே பெரும்பாடு. அப்பச்சி உட்காருவதோ அங்கேதான்.

அதனால் டில்லோ என்ற குட்டி பிரவுசரைப் போட்டுப் பார்த்தேன். ஜாவாஸ்கிரிப்ட் அறவே கிடையாது. குக்கீயைக்கூட நாமாக அனுமதித்தால்தான் வாங்கும். ஆனால் கிளிக் செய்த கையோடு திறக்கிறது, அந்த அரைகுறை சிக்னலிலும் பக்கம் வந்து விழுகிறது. கீழே வலது மூலையில் ஒரு பூச்சிப் படம் இருக்கிறது. திறந்த பக்கத்தின் எச்டிஎம்எல்லில் எத்தனை பிழை என்று எண்ணிச் சொல்லும். ஒரு கல்யாண மண்டபத்தின் தளத்தில் அது நூறைத் தாண்டியது. யார் செய்து கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

சிக்கல் தமிழில்தான். அப்பச்சிக்காக, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் தேவாரப் பக்கத்தைத் திறந்தேன். கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது. 'காரைக்குடி' என்று அடித்துப் பார்த்தால் ஐகாரக் கொம்பு ர-வைத் தாண்டிப் போய்விடுகிறது, 'கு'வில் க தனி, சுழி தனி. "என்னடா இது, கொம்பு வாலாயிருச்சே" என்கிறார் அப்பச்சி. டில்லோஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் ஃபாண்டை லோஹித், நோட்டோ என்று மாற்றியும் அதே கதைதான். வேறு வழி உண்டா?

செக்காலை:
தம்பி, ஃபாண்ட் மேல் பழி இல்லை. யூனிகோடில் தமிழை ஒலி வரிசையில்தான் சேமிக்கிறார்கள்: முதலில் ர, அப்புறம் ஐகாரக் குறி. திரையில் வரையும்போது குறியை முன்னால் கொண்டுவருவதும், க-வையும் உகரத்தையும் சேர்த்து 'கு' ஆக்குவதும் ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு தனி நிரலின் வேலை. உங்களிடம் இருக்கும் டில்லோ, திரையில் வரைய எஃப்எல்டிகே 1.3 என்ற நிரலகத்தை நம்பி ஓடுகிறது. அது எக்ஸ்எஃப்டி என்ற எழுத்து வரையும் நிரல் வழியாக எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிட்டுப் போய்விடும். ஆங்கிலத்துக்கு அது போதும், நமக்குப் போதாது.

யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி எழுத்துக் குறிமுறைக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை, கொம்பை முதலிலேயே போட்டு எழுதி வைத்தோம். அதற்கு அன்று பட்ட பாடு வேறு, அதை விடுங்கள்.

இன்னொன்று. டெபியன் 12-இல் வருவது டில்லோ 3.0.5, 2015-இல் வந்த பதிப்பு. நடுவே வேலை படுத்துவிட்டது. 2024-இல்தான் 3.1 வந்தது. புதியதை நீங்களே கம்பைல் செய்து போடலாம், பக்க அமைப்பு கொஞ்சம் தேறும். ஆனால் எஃப்எல்டிகே 1.3-ஐ வைத்தே கட்டினால் கொம்புக் கோளாறு மட்டும் தீராது.

நெட்சர்ஃப் என்ற பிரவுசரைப் பாருங்கள். 2002-இல் ரிஸ்க் ஓஎஸ் என்ற இயங்குதளத்துக்காகத் தொடங்கியது, பக்கத்தை வரையச் சொந்த எஞ்சின், கைக்கு அடக்கம். லினக்ஸில் ஓடும் அதன் ஜிடிகே பதிப்பு, எழுத்தை பாங்கோ என்ற எழுத்து அடுக்கும் நிரலிடம் விடுகிறது, பாங்கோவுக்குள் ஹார்ஃப்பஸ் இருக்கிறது.

புதுவயல்:
இவ்வளவு சுற்ற வேண்டுமா அண்ணே? ஃபயர்ஃபாக்ஸிலேயே யூபிளாக் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டு ஜாவாஸ்கிரிப்டை அணைத்தால் பாதி பாரம் குறையும். மின்கட்டணம், ரயில் டிக்கெட் என்று வந்தால் டில்லோவும் நெட்சர்ஃபும் கையை விரித்துவிடும்.

கானாடுகாத்தான்:
அதெல்லாம் ஃபோனில் பார்த்துக்கொள்கிறேன். இந்த 1 ஜிபியில் ஃபயர்ஃபாக்ஸ் திறந்தாலே ஸ்வாப் (ரேம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) நிரம்பிவிடுகிறது, ஜாவாஸ்கிரிப்டை அணைத்தாலும் அந்தப் பாரம் பெரிதாகக் குறையவில்லை.

நெட்சர்ஃப் போட்டாயிற்று. தேவாரம் அச்சு மாதிரி வருகிறது, கொம்பு, சுழி எல்லாம் அதனதன் இடத்தில். திறப்பதில் டில்லோவை விட ஒரு மூச்சு தாமதம், அவ்வளவுதான். தமிழ் விக்கிப்பீடியாவும் படிக்கிற மாதிரி இருக்கிறது, ஓரப் பெட்டிகள் மட்டும் அங்கங்கே இடம் மாறுகின்றன. ஆங்கிலக் கையேடுகளுக்கு டில்லோவை அப்படியே வைத்துக்கொள்கிறேன். அந்தப் பூச்சியை விட மனசு வரவில்லை.

அப்பச்சிக்கு எழுத்து இன்னும் பெரிதாக வேண்டுமாம். ஒவ்வொரு பக்கத்திலும் பெரிதாக்காமல் மொத்தமாக வைக்க முடியுமா?

செக்காலை:
பிரிஃபரன்ஸஸில் ஃபாண்ட் அளவு இருக்கும். குறைந்தபட்ச அளவையும் சேர்த்து ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சில தளங்கள் தன் இஷ்டத்துக்குச் சின்னதாக்கிவிடும்.