கார்னே அசாடா: எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கலாமா, கூடாதா?

கரியடுப்பு (டூசான், அரிசோனா)
போன ஞாயிறு கார்னே அசாடா, அதாவது கரியில் சுடும் மெக்சிகோ மாட்டிறைச்சி, செய்யப் போய் இரண்டு கிலோ ஸ்கர்ட் ஸ்டேக்கை வீணாக்கிவிட்டேன். மெக்சிகோவில் அர்ராச்சேரா என்கிறார்களே, மாட்டின் உதரவிதானத்திலிருந்து எடுக்கும் நீளமான, மெல்லிய துண்டு. எட்டு எலுமிச்சம்பழச் சாறு, பூண்டு, கொத்தமல்லி, சீரகத்தூள் எல்லாம் போட்டு இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் பையைப் பிரித்தால் இறைச்சியின் மேற்புறம் வேகவைத்தது போலச் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அடுப்பில் போட்டும் நிறம் ஏறவில்லை. மேலே மாவு போல உதிர்கிறது, உள்ளே ரப்பர்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சோனோரா மாநிலத்துக்காரர். அவர் எதையுமே ஊறவைப்பதில்லை. கல் உப்பைத் தூவுகிறார், மெஸ்கீட் கரியில் சுடுகிறார், அவ்வளவுதான். (மெஸ்கீட் வேறு யாருமில்லை, நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம்.) எலுமிச்சையைச் சாப்பிடும்போது பிழிந்துகொள்கிறார். இனி நானும் அந்தக் கட்சிதான். நல்ல மாட்டிறைச்சியைப் புளிப்பில் முக்குவது அதற்குச் செய்யும் அநியாயம்.

புளிப்புப்பிரியை (லாஸ் ஏஞ்சலஸ்)
அண்ணா, எட்டுப் பழத்தில் ஒரு ராத்திரி முழுக்க ஊறவைத்துவிட்டு எலுமிச்சை மேல் பழி போட்டால் எப்படி?

சோனோரா மெக்சிகோவில் ஒரு மாநிலம், அதுவே மெக்சிகோ ஆகிவிடாது. தெற்கே யுகாதானில் கசப்பு ஆரஞ்சுச் சாறு இல்லாமல் பாதிச் சமையல் நடக்காது. இங்கே எங்கள் பகுதியில் மெக்சிகோக்காரர்களின் கறிக்கடைக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தட்டில் வெறும் இறைச்சி, பக்கத்துத் தட்டில் 'பிரெபராதா', அதாவது ஊறவைத்துத் தயாராக வைத்தது. ஆரஞ்சு வட்டங்களும் வெங்காயமும் கொத்தமல்லியும் ஒட்டிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை இரண்டாவது தட்டுதான் முதலில் காலியாகிறது.

என் அளவு: ஒரு கிலோவுக்கு ஒரு பெரிய ஆரஞ்சின் சாறு, இரண்டு எலுமிச்சை, ஐந்து பல் பூண்டு, ஒரு ஹலபெனோ மிளகாய், கைப்பிடி கொத்தமல்லி, ஒரு தேக்கரண்டி சீரகம், கால் கப் எண்ணெய், இரண்டரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்.

வேதியியல் மாணவன்
இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் காரணத்தை யாரும் சொல்லவில்லை. இறைச்சியின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) ஏறக்குறைய 5.5. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கும், ஆரஞ்சு 3.5 முதல் 4 வரை. புளிப்புப் பட்டதும் புரதம் தன் வடிவம் குலைந்து இறுகிவிடும். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கும் மீன் உணவான செவிச்சேயில் பச்சை மீன் தீயே இல்லாமல் வெள்ளையாக மாறுவதும் இதே வேலைதான். இது மேலிருந்து சில மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். தொடைக்கறித் துண்டு என்றால் கவலையில்லை. ஸ்கர்ட்டின் கனமே ஒன்றரை சென்டிமீட்டர்தான், அதிலும் இரண்டு பக்கமும் தாக்கினால் மிச்சம் என்ன இருக்கும்?

நிறம் ஏறாததற்கும் அதுதான் காரணம். இறைச்சி சிவந்து வறுபடும் வினை புளிப்பில் மந்தமாகிவிடும், மேலே ஈரமும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கரியடுப்பு
தம்பி என் கட்சிக்குத்தான் பேசுகிறார்! சாறு உள்ளே போகாது, நிறத்தையும் தடுக்கும் என்றால் எதற்காக ஊறவைக்க வேண்டும்? சுட்ட பிறகு பிழிந்தால் அதே புளிப்பு நாக்கில் படாதா? பழைய முறை பழைய முறைதான்.

புளிப்புப்பிரியை
படாது அண்ணா. சுட்ட பின் பிழிவது பச்சை எலுமிச்சையின் சுவை. ஆரஞ்சின் சர்க்கரையும் பூண்டும் தீயில் பட்டுக் கருகும் விளிம்பில் ஒரு வாசனை வருமே, அதைப் பிழிந்து கொண்டுவர முடியாது. கரியில் போடும் முன் துண்டைத் துடைத்துவிடுங்கள், காகிதத் துணி நனையாத அளவுக்கு. நான் இதை முதலில் செய்யாமல் பல நாள் ஏமாந்தேன்.

பழைய முறை என்கிறீர்களே, மாடே அந்த மண்ணுக்கு ஸ்பானியர்களோடு வந்ததுதானே? கொலம்பஸ் 1493-இல் இரண்டாம் முறை கப்பலேறியபோது மாடுகளையும் கொண்டுபோனார், எலுமிச்சை, ஆரஞ்சு விதைகளையும் கொண்டுபோனார். இரண்டும் ஒரே கப்பற்கூட்டத்தில் போய் இறங்கியவை. அங்கே ஆரஞ்சை 'நரான்ஹா' என்கிறார்கள். அந்தச் சொல் அரபு, பாரசீகம், சமஸ்கிருத 'நாரங்க' வழியாகப் பின்னோக்கிப் போய் ஒரு திராவிடச் சொல்லில் முடிகிறது என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகிறார்கள். நம் நார்த்தங்காயைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

நாஞ்சில் சமையல் (நாகர்கோவில்)
இங்கே ஸ்கர்ட் என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியாது. கிடைப்பது வயதான மாடு அல்லது எருமை, கொஞ்சம் முரடு. எலுமிச்சையில் ஊறினால் மெதுவாகுமா? எந்த எலுமிச்சை வாங்குவது?

வேதியியல் மாணவன்
எலுமிச்சையால் அந்த முரட்டு நார் இளகாது. அதற்குப் பப்பாளிக்காய். அதிலுள்ள பப்பைன் என்ற நொதி புரதத்தை அறுக்கும். ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விழுது, அரை மணி நேரம் போதும். பப்பாளியும் மெக்சிகோ பக்கத்து மரம்தான், அதனால் கூச்சப்பட வேண்டாம். எலுமிச்சையைத் தேட வேண்டியதே இல்லை. உங்கள் கடையில் கிடைக்கும் மெல்லிய தோல் உருண்டைப் பழமும் மெக்சிகோவின் சின்ன லிமோனும் ஒரே இனம். சுட்டபின் நாருக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டுங்கள். நாரோடு சேர்த்து நீளவாக்கில் வெட்டினால் எதில் ஊறவைத்தும் கயிறு மெல்வது போலத்தான் இருக்கும்.

கரியடுப்பு
நேற்று செய்து பார்த்தேன். ஒரே துண்டை இரண்டாக வெட்டி, பாதிக்கு உப்பு மட்டும், பாதிக்குத் தங்கையின் அளவு, இரண்டு மணி நேரம். துடைத்துவிட்டுத்தான் போட்டேன். கரி நல்ல வெள்ளைச் சாம்பல் பூத்திருந்தது, பக்கத்துக்கு மூன்று நிமிடம்.

நிறம் இரண்டிலும் வந்தது. ஊறிய துண்டின் ஓரத்தில் அந்த வாசனையும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். டோர்ட்டியா ரொட்டியில் வெங்காயம், கொத்தமல்லியோடு வைத்தபோது அதுதான் மேல். ஆனால் வெறும் இறைச்சியாக விரலால் எடுத்துச் சாப்பிட்டபோது உப்புத் துண்டில் மாட்டின் ருசியும் கரியின் ருசியும் தனித்தனியாகத் தெரிந்தன. அதை நான் விடமாட்டேன். எலுமிச்சையே இல்லாமல் ஆரஞ்சு மட்டும் போட்டால் என்ன?

புளிப்புப்பிரியை
இனிப்புத் தூக்கிவிடும் அண்ணா, தீயில் சீக்கிரம் கருகவும் செய்யும். ஒரு எலுமிச்சையாவது போடுங்கள். நேரத்தை ஒரு மணியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கரி ருசியும் தப்பிக்கும்.