செந்தூல் ஒட்டுக்கடையில் நாலு கிழட்டுப் போராளிகள்: இந்தக் கதைக்குச் சிரிக்கலாமா?

செந்தூல் திரைக்கதை:
வணக்கம். 75 நிமிஷ நகைச்சுவைப் படம் ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். பேர் இன்னும் வைக்கலை. கையில காசு கம்மி, அதனால ஒட்டுக்கடை (சின்னச் சாப்பாட்டுக் கடை), அடுக்குமாடி வீடு, எல்ஆர்டி ரயில் ஸ்டேசன், இவ்வளவுதான் இடம்.

கதை கோலாலம்பூர்ல, செந்தூல் பக்கம் நடக்குது. நாலு கிழவங்க. ஒருத்தர் அந்தக் காலத்துத் தொழிற்கட்சி இளைஞர். ஒருத்தர் மக்கள் கட்சிக்காரர். இந்த ரெண்டு கட்சியும் கூட்டணியா இருந்த சோஷலிச முன்னணி 60-கள்ல உடைஞ்சது யாரால்னு ரெண்டு பேரும் இன்னும் சண்டை போடுறாங்க. மூணாமவர் தோட்டத் தொழிற்சங்கத்துல கிளைத் தலைவரா இருந்தவர். நாலாமவர் இந்தியர் உரிமைக்காக நடந்த 2007 நவம்பர் 25 இண்ட்ராப் பேரணியில கண்ணீர்ப்புகை குடிச்சவர். அவருக்கே 63 வயசு, ஆனா மத்த மூணு பேரும் அவரை 'பையா'ன்னுதான் கூப்பிடுவாங்க.

மே 4 அன்னிக்கு, தொழிற்சங்கத் தலைவர் கணபதியைத் தூக்கில் போட்ட புடு சிறை வாசல்ல மாலை போடணும். சிறையோட மதிலை 2010-ல் இடிச்சிட்டாங்க, வாசல் வளைவு மட்டும் மிச்சம், பக்கத்துல பேரங்காடி. பதாகையில என்ன எழுதுறதுன்னு முடிவாகலை, பேசினதையும் மறந்துடுறாங்க. தீர்மானம் போட ஆள் எண்ணிக்கை போதலை, ஏன்னா ஒருத்தர் எப்பவும் கழிப்பறையில இருக்கார். கடைசியில போய்ச் சேர்ந்தா ஜாகா (காவலாளி) வந்து "அங்கிள், சாப்பாட்டுக் கடை மேல்மாடியில"ங்கிறார். இதுதான் படம். உங்க கருத்து?

பால்மரத்துப் பேரன்:
அண்ணே, நேரா கேக்கிறேன். கணபதி யாருன்னு இங்க எத்தனை பேருக்குத் தெரியும்? அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்குத் தலைவர். 1949 மே 4 தூக்கு. அதுக்கு முந்தின நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனனைச் சுட்டுக் கொன்னாங்க. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார்கூட இதைச் சொல்லலை. தெரிஞ்ச ஆளைக் கிண்டல் பண்ணலாம். தெரியாத ஆளை முதல் தடவை காட்டுறப்பவே மாலையோட ஜோக்கா காட்டினா, அவர் பேரைக் கேட்டதும் ஜனங்களுக்கு ஞாபகம் வரப்போறது அந்தக் கழிப்பறைதான்.

கத்தரிக்கோல்:
படத்தொகுப்பு என் தொழில். தோட்டத்தைப் பத்தி உருக்கமான ஆவணப்படம் வெட்டியிருக்கேன். பார்க்க வந்தவங்கள்ல பாதிப் பேர் அதுல நடிச்சவங்களோட சொந்தக்காரங்க. அழுகைப் படத்துக்கு நம்ம ஆளு டிக்கெட் எடுக்கமாட்டான், தம்பி. சிரிக்க வந்தவன் வீட்டுக்குப் போய் கணபதி யாருன்னு தேடினா அது போதும்.

செந்தூலுக்கு ஒரு எச்சரிக்கை. நகைச்சுவைன்னா தணிக்கை கண்ணை மூடிக்கும்னு கனவு காணாதே. 2006-ல் அமீர் முகம்மட் எடுத்த 'லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்' (கடைசிக் கம்யூனிஸ்ட் மனிதன்) பாட்டும் கிண்டலுமா இருந்த ஆவணப்படம். தணிக்கை வாரியம் முதல்ல விட்டதுதான். அப்புறம் உள்துறை அமைச்சு தடை போட்டுச்சு. பதாகை வாசகத்தை இப்பவே யோசிச்சு வை.

புக்கிட் மெர்த்தாஜாம் அக்கா:
நாலும் ஆம்பளை. அது யார் கண்ணுக்கும் படலையா?

1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துல என்ன கேட்டாங்கன்னு தெரியுமா? சம்பள உயர்வு மட்டும் இல்லை. தொரை, கிராணி (தோட்டக் கணக்கர்) எதிர்ல சைக்கிளை விட்டு எறங்கணும்ங்கிற வழக்கம் ஒழியணும். கள்ளுக்கடையை மூடணும். பொம்பளைங்க மேல கை வைக்கிறதை நிறுத்தணும். அந்தக் கோரிக்கைக்குப் பின்னால நின்ன பொம்பளைங்க வயசாகி எங்கேயோ காணாமப் போயிட்டாங்களா? எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பால்வெட்டினவங்க. சங்கக் கூட்டத்துல அப்பா பேசுவார், வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேச்சுல எது தப்புன்னு அம்மா சொல்லுவாங்க. உங்க கதையில அந்த ஒட்டுக்கடை மேசைக்கு அப்படி ஒரு வயசான ஆயா வந்து உக்காந்தா நாலு பேரும் வாயை மூடுவாங்க. சிரிப்பும் தானா வரும்.

செந்தூல் திரைக்கதை:
அக்கா, ஆயா வராங்க. அந்தக் கிளைத் தலைவரோட மனைவி. ரெண்டு காட்சி.

புக்கிட் மெர்த்தாஜாம் அக்கா:
டீ கொண்டுவந்து வைக்கிற ரெண்டு காட்சியா?

செந்தூல் திரைக்கதை:
...ஒண்ணுல டீ இருக்கு.

பழைய கிளைச் செயலாளர்:
எனக்கு 78 வயது. பேரன் கைப்பேசியில் இதைக் காட்டினான். சில விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

தம்பி செந்தூல், எங்களைப் பார்த்துச் சிரி. தாராளமாகச் சிரி. கூட்டத்தில் தேநீருக்குச் சங்கப் பணத்தில் கொடுக்கலாமா என்று இராத்திரி பத்து மணி வரை வாதாடிய ஆட்கள் நாங்கள். மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போகணும் என்ற நினைப்பே இல்லாமல். சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் மேசை போட்டுச் சந்தா வாங்குவோம். வட்டிக்காரனும் அங்கேதான் நிற்பான். யார் மேசைக்கு ஆள் முதலில் வரும் என்பதே பெரிய நாடகம். இதெல்லாம் உன் கதையில் இல்லை. நீ எழுதியிருப்பது மறதி பிடித்த கிழவர்களை. எங்களுக்கு மறதி கிடையாது. யார் எந்த வருஷம் என்ன பேசினான், எந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கவில்லை, எல்லாம் நினைவிருக்கிறது. அதுதான் எங்கள் வியாதி. அதை வைத்துச் சிரிப்புக் காட்டு.

இன்னொன்று. இவர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்? தோட்டத்தை வீடமைப்புக்காரனிடம் விற்றபோது கிடைத்த சொற்பத்தோடு வெளியே வந்தவர்களா? லிப்ட் கெட்டுப்போன பிபிஆர் (அரசாங்க மலிவு அடுக்குமாடி) வீட்டில் பதினோராம் மாடியா? கழிப்பறைக்கு ஓடுகிறவன் சர்க்கரை வியாதிக்கு எங்கே மருந்து வாங்குகிறான்? அதை எழுதிவிட்டால் கழிப்பறை ஜோக் நிற்கும். எழுதாவிட்டால் அது வெறும் கழிப்பறை.

பால்மரத்துப் பேரன்:
ஐயா, வணக்கம். அந்த மாலைக் காட்சி? அதுக்கும் சிரிக்கலாமா?

பழைய கிளைச் செயலாளர்:
ஜாகா சாப்பாட்டுக் கடைக்கு வழி காட்டுவது நடக்கக்கூடியதுதான். அவனும் எங்கிருந்தோ பிழைக்க வந்தவன், அவனுக்கு என்ன தெரியும்? ஆனால் அவன் சொன்னதும் படம் முடிந்தால் எனக்குக் கோபம் வரும். இவர்களில் ஒருவன் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். மலாயில், திக்கித் திணறியாவது.

கத்தரிக்கோல்:
இந்த ஒரு வரிக்கே ஐயா பேரை எழுத்துப் பட்டியல்ல போடணும்.

பால்மரத்துப் பேரன்:
நான் இன்னும் ஒத்துக்கலை. பதில் சொன்னா மட்டும் போதுமா? அரங்கத்துல ஜாகா பேச்சுக்குச் சிரிச்ச சத்தத்துல அந்தப் பதில் யார் காதுல விழும்? முதல்ல ஒரு ஒழுங்கான படம் வரட்டும், கிண்டல் அப்புறம். எங்க தாத்தா கடைசி வரைக்கும் தொழிற்சங்க அட்டையைச் சட்டைப் பையில வெச்சிருந்தார். அவரை வெச்சுச் சிரிக்க நான் காசு கொடுக்கமாட்டேன்.

செந்தூல் திரைக்கதை:
அந்த ஒழுங்கான படம் வரும்னு எத்தனை வருஷம் காத்திருக்கிறது, தம்பி? நடிக்க வேண்டிய வயசுக்காரங்களே போயிட்டு இருக்காங்க. இளவட்டத்துக்கு நரை பூசி எடுக்க எனக்கு மனசில்லை. நிஜக் கிழவங்களைத்தான் தேடுறேன்.

சத்தம் வேற பிரச்சினை. ஒட்டுக்கடையில பந்து ஆட்டம் ஓடாத நேரம் பார்த்து எடுக்கணும். கத்தரிக்கோல் அண்ணே, செவ்வாய் விடியக்காலை சரிப்படுமா?

கத்தரிக்கோல்:
பசியாற வர்ற கூட்டத்துக்கு முன்னாடி முடிச்சா சரி. அந்த ரொட்டிக் கல்லு சத்தத்தை மட்டும் என்னால துடைக்க முடியாது, சொல்லிட்டேன்.

பழைய கிளைச் செயலாளர்:
ஒரு திருத்தம். முன்னணி உடைந்ததற்கு உன் கதையில் யார் மேல் பழி? முதலில் வெளியேறியது மக்கள் கட்சி. இதை ஒழுங்காக எழுது.

சுங்கைப் பட்டாணித் தாத்தா:
புதுசா சேர்ந்திருக்கேன், மேலே எல்லாம் படிச்சேன். செயலாளர் சொல்றது பாதி. வெளியே போக வெச்சது யாருன்னு அவர் சொல்லமாட்டார். தேசிய மொழி விவகாரத்தைத் தொழிற்கட்சி எப்படிக் கையாண்டுச்சுன்னு முதல்ல பேசட்டும்.

பழைய கிளைச் செயலாளர்:
அந்தக் கதையை இங்கே திரும்ப ஆரம்பிக்க வேண்டாம். பேசினால் நான் எல்லாவற்றையும் பேசுவேன்.

சுங்கைப் பட்டாணித் தாத்தா:
பேசுங்க. எனக்கு வேற வேலை இல்லை.

செந்தூல் திரைக்கதை:
ஐயா, ரெண்டு பேருக்கும் வணக்கம். வர்ற ஞாயிறு செந்தூல் பக்கம் வர முடியுமா? ரெண்டு வேஷம் காலியா இருக்கு. சம்பளம் கம்மி, சாப்பாடு உண்டு.

பழைய கிளைச் செயலாளர்:
எனக்கு வசனத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடு. வருகிறேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார மாட்டேன்.

சுங்கைப் பட்டாணித் தாத்தா:
பஸ் காசு யார் தர்றது? அதுக்கு ஒரு தீர்மானம் போடுங்க முதல்ல.