எண்ணெய் பாட்டில் மூடியில் காற்று வழி: உதவி வேண்டும்

காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் செக்கு வைத்திருக்கிறோம். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் பாட்டிலுக்குக் காற்று வழி உள்ள மூடியை நாங்களே வடிவமைக்கிறோம். மார்கழியில் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. சாய்த்தால் குபுக் குபுக்கென்று விட்டுவிட்டு விழுகிறது. பணியாரக் குழியில் அளவாக எண்ணெய் விடும் ஆச்சிமாருக்கு இது சரிப்படாது.

மூடி 28 மி.மீ., ஊற்றும் துளை 6 மி.மீ. எதிர்ப்பக்கம் 1.5 மி.மீ. காற்றுத் துளை போட்டோம். தண்ணீர் சீராக வந்தது. எண்ணெயோ படலம் கட்டித் துளையை அடைத்துவிட்டது. 3 மி.மீ. ஆக்கினால் அதன் வழியாகவும் எண்ணெய் கசிகிறது. பிறகு அந்தத் துளையிலிருந்து 40 மி.மீ. குழாய் உள்ளே இறக்கினோம். பாதி பாட்டிலில் அருமையாக ஊற்றுகிறது. நிறைந்த பாட்டிலில் குழாய் நுனி எண்ணெயில் மூழ்கி, பழையபடி குபுக். காலைக் குளிரில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது இன்னும் மோசம்.

நிறைந்த பாட்டிலிலும் குழாயில் எண்ணெய் தங்காமல் இருக்க, அதன் உள்விட்டமும் நீளமும் எவ்வளவு வைக்க வேண்டும்?