வறண்ட புல்வெளியில் குடியேறியவர்கள் எங்கே, எப்படிக் கூடினார்கள்?

கேள்வி: பட்டர்வொர்த் வாசகி
வணக்கம். பினாங்கு நாடகக் குழு ஒன்றுக்காக அரைமணி நேர நாடகம் எழுதுகிறேன். களம் 1910 வாக்கில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலம்; அரசாங்க நிலத்தில் குடியேறிய விவசாயிகள். முதல் காட்சியில், சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பொருந்துமா?

பதில் 1: செந்தூல்காரன்
பொருந்தாதுங்க. நீங்கள் மனசில் வைத்திருப்பது தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர்களின் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். இங்கே ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். அங்கே சட்டமே வீடுகளைப் பிரித்து வைத்தது.

குடியேறுவோருக்கு அரசாங்க நிலம் கொடுத்த 1862 சட்டப்படி ஆளுக்கு 160 ஏக்கர். பட்டா கிடைக்க ஐந்து ஆண்டு அந்த நிலத்திலேயே குடியிருக்க வேண்டும்; ஊருக்குள் வீடு, வெளியே வயல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு சதுர மைல் என்பது 640 ஏக்கர், ஆக நாலு வீடு. வறண்ட மண்ணில் 160 ஏக்கர் போதாது என்று 1909இல் 320 ஆக்கினார்கள். உங்கள் நாடகத்துக்கு அந்தக் கணக்குதான்: சதுர மைலுக்கு இரண்டே வீடு.

ஆனால் ஒரு வழி இருந்தது. விதவைகளும் மணமாகாத பெண்களும் தம் பெயரில் நிலம் எடுக்கலாம். அடுத்தடுத்து நிலம் எடுத்த இருவர், எல்லைக்கோட்டை ஒட்டி ஆளுக்கொரு குடிசை போட்டுக்கொள்வதுண்டு. வாசல் பேச்சு வேண்டுமென்றால் அப்படி இரண்டு பெண்களை வையுங்கள்.

பதில் 2: பழைய ஏடு
கூட்டம் என்றால் ஒற்றை அறைப் பள்ளிக்கூடம்தான். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஒரே ஒரு ஃபிடிலை வைத்து விடிய விடிய ஆடுவார்கள். உற்சாகம் மட்டும் காரணமல்ல: மரமோ விளக்கோ இல்லாத வெளியில் இரவில் குதிரை வண்டி ஓட்டினால் வழி தப்பிவிடும். அதனால் நள்ளிரவில் சாப்பாடு, வெளுத்த பிறகு பயணம். குழந்தைகளைக் கோட்டுக் குவியல் மேல் படுக்க வைப்பார்கள். மூலையில் ஓர் ஆயாக்கொட்டகையே (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) உருவாகிவிடும்.

மேடைக்கு நல்ல காட்சி பெட்டி ஏலம். பெண்கள் ஷூ பெட்டியில் இரண்டு பேர் சாப்பாடு (பொரித்த கோழி, ரொட்டி, கேக்) கட்டி, வண்ணக் காகிதமும் ரிப்பனும் சுற்றி, பெயர் எழுதாமல் கொண்டுவருவார்கள். ஏலம் எடுத்தவர் அதைச் செய்த பெண்ணோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எந்த ரிப்பன் யாருடையது என்று முன்பே கசிந்துவிடும்; அது தெரிந்த நண்பர்கள் வேண்டுமென்றே விலையை ஏற்றி, காதலன் பையைக் காலி செய்வார்கள். பணம் பள்ளிக்கூட அடுப்புக்கோ புத்தகத்துக்கோ போகும். நம் தமிழ்ப்பள்ளி நிதி விருந்து மாதிரிதான், கொஞ்சம் குறும்பு கூட.

கதிரடிப்பு சுத்தமான கோத்தோங் ரோயோங், ஊரே கூடிச் செய்யும் வேலை. ஓர் இயந்திரம் பண்ணை பண்ணையாகப் போகும், ஆட்கள் கூடவே போவார்கள். சமையல் மட்டும் அந்தந்த வீட்டுப் பெண்கள் தலையில்.

பதில் 3: கம்பிக்காரர்
தொலைபேசியை விட்டுவிட்டீர்களே! தனிக் கம்பி இழுக்கக் காசில்லாத இடங்களில் முள்வேலியிலேயே தொலைபேசியை இணைத்தார்கள். கைப்பிடியைச் சுற்றினால் வரிசையில் உள்ள எல்லா வீட்டிலும் மணி அடிக்கும். 'ஒரு நீளம், இரண்டு குட்டை' என்பதுபோல் வீட்டுக்கு ஓர் அடையாளம். யாருக்கு வந்தாலும் எல்லோரும் எடுத்துக் கேட்பார்கள்.

கோளாறுகளும் நாடகத்துக்கு உதவும். நனைந்த மரக்கம்பம் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும். அதனால் கம்பிக்கும் கம்பத்துக்கும் நடுவே உடைந்த பாட்டில் கழுத்து அல்லது தோல் துண்டு வைப்பார்கள். வேலிக் கதவு வரும் இடத்தில் கம்பியை உயர்ந்த கழிகளில் மேலே தூக்கிக் கொண்டுபோக வேண்டும். மொன்டானாவின் கிழக்குப் பகுதியில் பல இடங்களில் ஆண்டு மழை 15 அங்குலத்துக்கும் குறைவு. கோலாலம்பூரில் இரண்டு மழை மாதம் போதும் அதைத் தாண்ட. நம் ஈரத்தில் அந்த வேலி ஒரு வாரம் பேசியிருக்காது.

இன்னொன்று: எத்தனை பேர் எடுத்துக் கேட்கிறார்களோ அத்தனைக்குக் குரல் மங்கும். ஆகவே அவசரச் செய்தி சொல்பவர் முதலில் 'எல்லாரும் வைங்க!' என்று கத்த வேண்டியிருக்கும்.

பட்டர்வொர்த் வாசகி
நன்றிங்க. வாசலை எடுத்துவிட்டேன். மேடையில் ஐந்து வீடு, நடுவே ஒரு வேலி. கைப்பிடி சுற்றும் சத்தத்துக்குப் பழைய சைக்கிள் மணி போதுமா?

கம்பிக்காரர்
போதாது, 'டிங்' என்று நின்றுவிடும். பள்ளிக்கூட மின்மணியைப் பொத்தான் வைத்து நீளமாகவும் குட்டையாகவும் அடியுங்கள்.