பழைய மடிக்கணினி மிக மெதுவாக இயங்குகிறது: ரேமைக் கூட்டுவதா, வன்தட்டை மாற்றுவதா?

கேள்வி

வணக்கம். வீட்டில் அனைவரும் பொதுவாகப் பயன்படுத்தும் மடிக்கணினி ஒன்று உள்ளது. ஐந்தாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி வன்தட்டு, விண்டோஸ் 10. முகப்புத் திரை ஓரளவு விரைவாகவே வந்துவிடுகிறது. அதன்பின் குரோமைச் சொடுக்கினால் அது திறக்கப் பல நிமிடங்கள் ஆகின்றன. அந்நேரம் முழுவதும் சுட்டி தடையின்றி நகர்கிறது, சொடுக்கு மட்டும் ஏறுவதில்லை. படங்கள் உள்ள கோப்புறையைத் திறந்தால் சில வேளைகளில் சாளரமே வெளுத்து, 'பதிலளிக்கவில்லை' என்று காட்டுகிறது. தற்காலிகக் கோப்புகளை அழித்தேன், வேண்டாத மென்பொருள்களை நீக்கினேன், வைரஸ் சோதனையும் செய்து பார்த்தேன். சி டிரைவில் பாதிக்கு மேல் காலியாகவே இருக்கிறது. இன்னொரு 4 ஜிபி ரேம் வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா என்பதை அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1

எதையும் வாங்குவதற்கு முன், எது தடையாக இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்று பிராசசர், மெமரி, டிஸ்க் மூன்றும் எத்தனை விழுக்காட்டில் நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பகுதியில் வரைபடத்துக்குக் கீழே சராசரி மறுமொழி நேரம் மில்லி விநாடிக் கணக்கில் இருக்கும். அதையும் தவறாமல் எழுதுங்கள். பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது அந்த எண்ணைத்தான்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. திணறும் நேரத்தில் பிராசசர் 15 விழுக்காட்டைத் தாண்டவில்லை. மெமரி 70-ஐ ஒட்டி இருக்கிறது. டிஸ்க் மட்டும் 100-இலேயே நிற்கிறது. ஆனால் படிக்கும் வேகம் விநாடிக்கு 1 எம்பி கூட இல்லை. மறுமொழி நேரம் சில வேளைகளில் 2000-ஐத் தாண்டுகிறது. இவ்வளவு குறைந்த வேகத்தில் 100 விழுக்காடு என்று காட்டுவது எப்படி என்பது எனக்கு விளங்கவில்லை.

மறுமொழி 1

அந்த 100 என்பது எவ்வளவு தரவு நகர்ந்தது என்பதைக் குறிக்கவில்லை. வன்தட்டு எவ்வளவு நேரம் ஓய்வின்றி இருந்தது என்பதையே குறிக்கிறது. மடிக்கணினி வன்தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்றுகள் சுழல்பவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர்ந்து, தேவையான இடம் சுழன்று அடியில் வரும்வரை காத்திருப்பதையும் சேர்த்தால் ஒவ்வொரு தேடலுக்கும் சராசரியாக 15 முதல் 20 மில்லி விநாடி ஆகிவிடும். ஆகவே, சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை எடுக்கும்போது விநாடிக்கு நூறு தேடல்களைக் கூட இது தாண்டுவது அரிது. துண்டு ஒன்று 4 கேபி என்றால் மொத்தத்தில் அரை எம்பி கூடத் தேறாது. கணினி தொடங்கிய சில நிமிடங்களில் வைரஸ் தடுப்பு, விண்டோஸ் அப்டேட், தேடல் அட்டவணை, தானாகத் தொடங்கும் மென்பொருள்கள் ஆகிய எல்லாம் ஒரே முனையை ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் உங்கள் குரோம் வரிசையின் கடைசியில் நிற்கிறது.

இதுவரை சொன்னது எந்தப் பழைய வன்தட்டுக்கும் பொருந்தும். ஆனால் 2000 மில்லி விநாடி என்பது வெறும் நெரிசலால் மட்டும் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இயக்கி, வன்தட்டின் நலத்தைக் காட்டும் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் மதிப்பையும் பாருங்கள்.

மறுமொழி 2

நான் சற்று மாறுபடுகிறேன். 4 ஜிபி ரேம் இக்கால உலாவிகளுக்குப் போதாது. இடம் போதாதபோது விண்டோஸ் ரேமில் உள்ளதை வன்தட்டில் உள்ள பேஜ் ஃபைலுக்கு மாற்றி எழுதுகிறது. ஆகவே டிஸ்க் 100 என்று தெரிவதற்குக் காரணம் ரேம் பற்றாக்குறையாகவும் இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்

மூன்று வரிகளையும் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை இருக்கிறது. 05-இல் கடைசி இரண்டு இலக்கங்கள் 18, சி5-இல் 28, சி6-இல் சுழியம்.

மறுமொழி 1

பேஜ் ஃபைல் பற்றிச் சொன்னது உண்மையே. ஆயினும் மெமரி 70-இல் இருக்கும்போதே இப்படித் திணறுவதால் இங்கு முதற்காரணம் அது அன்று. அந்த மென்பொருள் இயல்பாகப் பதினாறடிமான (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட) எண்களில் காட்டும். எனவே 18 என்பது 24, 28 என்பது 40. அதாவது 24 செக்டர்கள் (வன்தட்டில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்) பழுதாகி, அவற்றுக்குப் பதிலாக மாற்று இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. இன்னும் 40 செக்டர்களை வன்தட்டால் சரியாகப் படிக்க இயலவில்லை. அப்படிப்பட்ட ஓர் இடத்தில் சிக்கும்போது அது திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது. சாளரம் வெளுத்து நிற்பது அந்த வேளையில்தான்.

வேகத்தைப் பற்றிய பேச்சை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, படங்களையும் ஆவணங்களையும் இன்றே வேறொரு வட்டுக்கு நகலெடுத்துவிடுங்கள். முக்கியமானவை முதலில். ஒரு கோப்பில் நின்றுவிட்டால் அதனோடு மல்லுக்கட்டாமல் அடுத்ததற்குச் செல்லுங்கள். நகலெடுத்து முடியும்வரை டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒருங்கே அடுக்குவது) செய்யாதீர்கள், செக்டிஸ்க் (வட்டின் பிழைகளைத் தேடும் கருவி) ஓட்டாதீர்கள். இரண்டுமே நலிந்த வன்தட்டை நெடுநேரம் உழைக்க வைப்பவை. ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டை) துப்புரவு செய்து வேகமாக்குவதாகச் சொல்லும் மென்பொருள்களை எந்தக் காலத்திலும் நிறுவாதீர்கள்.

பிறகு வன்தட்டுக்கு மாற்றான, சில்லுகளில் தரவைச் சேமிக்கும் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றை இதே இடத்தில் பொருத்துங்கள். சுழலும் தட்டு இல்லாததால் தேடலுக்கான காத்திருப்பு ஒரு மில்லி விநாடிக்கும் வெகுவாகக் குறைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

நகலெடுத்துவிட்டேன்; சில காணொளிகள் மட்டும் வரவில்லை. இப்போதுள்ள விண்டோஸை அப்படியே எஸ்.எஸ்.டி.க்குக் குளோன் செய்யலாமா? ரேமும் தேவைப்படுமா?

மறுமொழி 1

படிக்க முடியாத செக்டர்கள் உள்ள வன்தட்டைக் குளோன் செய்தால் பாதியில் நின்றுவிடலாம், அல்லது சிதைந்த கணினிக் கோப்புகளும் சேர்ந்தே வந்துவிடலாம். புதிதாக நிறுவுவதே நல்லது. விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டை ஒட்டியே அமைவதால், வன்தட்டை மாற்றினாலும் அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்தவுடன் பொதுவாகத் தானே செயல்படத் தொடங்கும். ரேமைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வாங்குவதாயின் 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் வகையைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் பிராசசருக்கு அதுதான் பொருந்தும்.

மறுமொழி 2

எதை நிறுவுவது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 உங்கள் ஐந்தாம் தலைமுறை பிராசசரை அதிகாரப்பூர்வமாக ஏற்காது. வீட்டில் உலாவியும் கடிதம் எழுதும் மென்பொருளும் மட்டும் போதுமெனில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இந்த 4 ஜிபியிலேயே நன்றாக ஓடும். நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து இயக்கி, வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கின்றனவா என்று முதலில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மறுமொழி 1

அதை நானும் வழிமொழிகிறேன். ஒன்று மட்டும்: கழற்றிய வன்தட்டை யூஎஸ்பி பெட்டியில் போட்டுப் படங்கள் சேமிக்கப் பயன்படுத்த வேண்டாம். வராமல் போன காணொளிகளை ஓரிரு முறை முயன்று பார்ப்பதற்கு மட்டும் எடுத்து வையுங்கள்.